மெதுவாகத் தட்டியவளுக்கு

இன்று காலை சமையலறை மேடையில் இருந்த வாழைப்பழச் சீப்பை ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. எள்ளைவிடச் சின்ன ஈக்கள். மற்றவர்கள் கையை வீசி விரட்டிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். நான் ஒரு காலி ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தேன். நாலைந்து உள்ளே வந்தன. மூடியைத் திருகி, மேடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். எல்லாம் அடியில் விழுந்தன, விழுந்த வேகத்தில் கண்ணாடிச் சுவரைப் பிடித்து ஏற ஆரம்பித்தன. நன்றாகவே ஏறின. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு உன்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் என் சமையலறை வரைக்கும் வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டுப் போகிறாய்.

உன் கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் உன்னைத் தங்கம் என்றார்கள். படுக்கையில் கிடந்தபோதும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை என்றார்கள். நான் வாழை இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் உன் வீட்டுக்காரர் என்னைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி அனுப்பியிருப்பார். போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ஹரிணி என்னைத் தேடி வந்தாள். அவள் வந்து போன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் கேள். குறுக்கே பேசாமல் நீ எதையாவது கேட்பது இதுதான் முதல் தடவை.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து நானும் அல்வாலிலிருந்து நீயும் செகந்திராபாத் வந்து ஒரே பஸ்ஸில் ஏறி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன காலம் அது. நான் ரயில்வேக்காரர் மகள் என்பதால் எனக்கு "ரயிலு" என்று பெயர் வைத்தாய். பஸ்ஸில் இடம் கிடைத்தால் ஜன்னல் ஓரம் உனக்கு. டிபன் டப்பாவைத் திறந்தால் முதல் வாய் உனக்கு. அப்போதெல்லாம் எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்வது உன் வேலை.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாய். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த அப்பா, இத்தனை படித்துவிட்டு இரண்டு பெண்களும் ஈ பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே, எதற்கு என்று கேட்டார். நான் சொன்னால் அவருக்குப் புரியாது. நீ காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்.

"எஞ்சின்ல நெருப்பு எரிஞ்சா புகை வரும்ல அங்கிள்? அதே மாதிரி நம்ம உடம்புக்குள்ள ஆக்சிஜன் எரியற எடத்துலயும் ஒரு நச்சு வரும். மூளைக்கும் நரம்புக்கும் ஆக்சிஜன் ரொம்ப வேணும், அதனால நச்சும் அங்க ஜாஸ்தி. அதப் பிடிச்சு ஒருத்தன் கொஞ்சம் சாதுவாக்குவான், இன்னொருத்தன் வாங்கி அதத் தண்ணியாவே மாத்திடுவான். இப்படிக் காவலுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. அந்த ஆளுங்கள உண்டாக்கற மரபணுவத்தான் நாங்க பாக்கறோம்."

"அந்த ஆளு ஒருநாள் டூட்டிக்கு வரலேன்னா?" என்றார் அப்பா.

"வரலேன்னாகூட எப்படியோ ஓடிடும் அங்கிள். வர்ற ஆளே கோணலா வந்தான்னா அதான் ஆபத்து."

"எங்க ஷாப்லயும் அதே கதைதாம்மா" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. காபி ஆறிவிட்டது என்று சொல்லி அம்மாவிடம் சூடு பண்ணித் தரச் சொன்னாய்.

நாம் பார்த்துக்கொண்டிருந்தது அப்படிக் கோணலாகப் போன ஒரு மரபணுவைத்தான். நரம்பைக் காக்க வேண்டிய அந்தப் புரதம் உருக்குலைந்து, நரம்புக்குள்ளேயே கட்டிக்கட்டியாகச் சேர்ந்து, கை கால்களை அசைக்கும் நரம்புகளை ஒவ்வொன்றாகச் சாகடிக்கும். மனிதர்களில் சில குடும்பங்களில் அது வழிவழியாக வருகிறது. அதே கோணல் மரபணுவை ஈக்களின் நரம்பில் வைத்தால் அவற்றாலும் சில நாளில் ஏற முடியாது. நம் கூடத்தில் மூன்று வகை ஈக்கள் இருந்தன. நல்ல ஈக்கள் ஒரு வகை, கோணல் உள்ளவை ஒரு வகை. மூன்றாவது வகைக்குக் கோணலோடு கூட, வேறொரு நல்ல காவல் மரபணுவையும் சேர்த்துக் கொடுத்திருந்தோம். கூடுதல் காவல் இருந்தால் நரம்பு பிழைக்குமா என்பதுதான் கேள்வி. மூன்றாவது வகை முழுக்க உன் பொறுப்பில் இருந்தது.

சோதனை ரொம்ப எளிது. கண்ணாடிக் குழாயைத் தட்ட வேண்டும், எல்லா ஈயும் அடியில் விழ வேண்டும், சில நொடிகளில் எத்தனை கோட்டைத் தாண்டி ஏறுகின்றன என்று பார்க்க வேண்டும். உன் மூன்றாவது வகை ஈக்கள் நல்ல ஈக்களுக்குச் சமமாக ஏறின. தெலுங்குக்காரரான நம் சார் உன் தலையைத் தொட்டு "பங்காரம்" என்றார். தங்கம் என்று உன்னை முதலில் சொன்னது அவர்தான். வெளியூர்க் கூட்டத்தில் நீயே போய்ச் சொல்லலாம் என்றும் முடிவானது.

நான் உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை செய்பவள். உன் முகம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நல்ல ஈக்களுக்கு "டக்" என்று ஒரு தட்டு. மூன்றாவது வகைக்கு அந்தச் சத்தமே வராது. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலக் குழாயை மேஜையில் வைப்பாய். திரும்பிப் பார்த்தேன். பாதி ஈக்கள் விழவே இல்லை. சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. விழாத ஈ ஏறிவிட்டதாகக் கணக்கு.

குழாய்களின் சீட்டை மறைத்து, எது எந்த வகை என்று தெரியாமல், எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஓங்கித் தட்டி நானே மறுபடி செய்தேன். மூன்றாவது வகை ஏறவில்லை. கூடுதல் காவல் கொஞ்சம்கூட உதவவில்லை. சாரிடம் போய்ச் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

நடைவழியில் எல்லாரும் பார்க்க என்னைப் பிடித்துக்கொண்டாய். "உனக்குக் கைக்குடி இத்தனை வயித்தெரிச்சல்? என் பேரு வந்துடுமேன்னுதான?" என்று கத்தினாய். ஏன் என்று கேட்க உனக்கு எப்போதும் நம் ஊர் உருதுவின் "கைக்கு"தான். அப்போது உனக்கு ஐந்தாம் மாதம். நான் விலகிப் போனேன். பிரசவத்துக்கு லீவு போட்ட நீ திரும்பி வரவே இல்லை. பேர் வாங்குவதற்காக ஏமாற்றியவள் என்றுதான் பல வருஷம் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே நினைக்க விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விதி நம் இருவரையும் ஏ.எஸ்.ராவ் நகரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடிவைத்தது. காய்கறிக் கடையில் நேருக்கு நேர் பார்த்தபோது நீதான் முதலில் பேசினாய். "ரயிலு, குண்டாயிட்ட" என்றாய். மன்னிப்பும் இல்லை, பழைய பேச்சும் இல்லை. ஏதோ நேற்றுப் பார்த்துப் பிரிந்த மாதிரி. நானும் மானங்கெட்டுப் போய் உன் பையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன். கதவைத் திறந்தது ஹரிணி, பள்ளிக்கூட உடையில். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொன்னாள்.

பிறகு உன் இடது கால் செருப்பு கழன்றுபோக ஆரம்பித்தது. நடந்துகொண்டே இருப்பாய், செருப்பு பின்னால் கிடக்கும், உனக்குத் தெரியாது. செருப்புக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டு மாற்றி வாங்கினாய். அந்தச் செருப்பும் கழன்றது. இரண்டாவது தடவை நான் குனிந்து எடுத்துக் கொடுத்தபோது உன் கண்ணைப் பார்த்தேன். உனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. உன் அப்பா வேலையிடத்தில் விழுந்து முதுகில் அடிபட்டு, கால் விளங்காமல் போய் இறந்தார் என்று நீ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேனே.

நரம்பு டாக்டரிடம் போன நாளை நான் மறக்கமாட்டேன். உன் வீட்டுக்காரர் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார், நான் உன்னோடு உள்ளே இருந்தேன். கால், கை, நாக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது, நாம் ஈக்களில் பார்த்த அதே நோயை. பிறகு கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று. "நோ டாக்டர். நத்திங்" என்றாய். கண்ணிமைக்கவில்லை. அப்படியானால் இது காரணம் தெரியாமல் தானாக வருகிற வகை, பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் வருகிறது என்றார் அவர். மரபணுச் சோதனை வேண்டுமானால் செய்யலாம் என்றும் சொன்னார். நீ வேண்டாம் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். ஆயிரக்கணக்கான ஈக்களின் மரபணுவைப் பார்த்தவளுக்குத் தன் ரத்தம் ஒரு சொட்டுக் கொடுக்க மனம் வரவில்லை.

உண்மையைச் சொன்னது எழுந்து உட்காரவும் முடியாமல் போன பிறகு. ஹரிணி ஆபீஸ் போயிருந்தாள். நான் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வார்த்தைகள் குழறின, உன் வாயருகே காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"அப்பாவுக்கு அடியெல்லாம் படல டி. அத்தைக்கும் இதேதான். கடைசியில அத்தைய நாற்காலியோட மாடிலேருந்து எறக்குவாங்க. நான் பாத்திருக்கேன்."

கரண்டி என் கையிலேயே நின்றது. நீ ஈக்களை மெதுவாகத் தட்டியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. உன் அப்பாவின் கோணல் உன்னிடம் இருக்கலாம், வயிற்றில் இருப்பதிடமும் இருக்கலாம். கூடுதல் காவல் வைத்தால் பிழைக்கும் என்று அந்த ஈக்கள் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவை கீழே விழுவதை உன்னால் பார்க்க முடியவில்லை. பாவம்தான். நான் கல் இல்லை. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்து நீ என்ன செய்தாய் என்பதையும் பார்.

"ஹரிணிக்குச் சொல்லாத" என்றாய்.

"அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன்.

"தெரிஞ்சு? மருந்து இருக்கா? நான் இத்தனை வருஷம் தெரியாதமாதிரியே இருந்தேன். அதனாலதான் சிரிச்சேன். அவளும் சிரிக்கட்டும் டி."

வெளிநாட்டில் அந்த மரபணுவின் வாயை அடைக்கிற மருந்து ஒன்றை முதுகுத்தண்டில் போடுகிறார்கள் என்று சொன்னேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் கேட்டாவது பார்த்திருக்கலாம் என்றேன். கிடைத்திருக்குமா, கிடைத்தாலும் பிழைத்திருப்பாயா, எனக்குத் தெரியாது. வேண்டாம் என்பதற்கு "நக்கோ" என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு ஹரிணிமேல் சத்தியம் செய்யச் சொன்னாய். மாட்டேன் என்றேன். அழுதாய். உன் கண்ணீரை உன்னால் துடைத்துக்கொள்ள முடியவில்லை, நான் துடைக்க வேண்டியிருந்தது. கை அசையாதவள் அழும்போது யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? சரி என்றேன். உனக்கு அது சத்தியம். என்னைக் கேட்டால் கழுத்தைப் பிடித்து வாங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. ஹரிணி மூன்று மாடி ஏறி வந்து சோபாவில் விழுந்தாள். கையில் ஒரு பை. பை நிறைய நீ கடைசி வரைக்கும் விழுங்கிய ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள், பாதிப் பாட்டில், முழுப் பாட்டில், பிரிக்காத பாட்டில். அவை உன்னைக் காப்பாற்றாது என்று உன்னைவிடத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை. உன் வீட்டுக்காரர் திருப்திக்காக விழுங்கினாய்.

"ஆன்ட்டி, டாடி இதெல்லாம் என்னைச் சாப்பிடமண்டாரு. ப்ரெய்னுக்கு நல்லதாம். சாப்பிடணுமா?" என்றாள். உன்னைப் பார்த்துக்கொண்ட வருஷங்களில் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதோடு தெலுங்கையும் இங்கிலீஷையும் கலந்து அடிக்கிறாள்.

"உன் வயசுக்கு இதெல்லாம் தேவையில்லை கண்ணு" என்றேன். பேச்சு அங்கேயே முடிந்திருக்கலாம். நான் காபி போட எழுந்தேன்.

"ஆன்ட்டி, ஒக்க க்வெஸ்டின். அந்த அப்பாய் வீட்ல கேட்டாங்க, அம்மாக்கு என்ன வந்ததுன்னு. டாடி செப்பாரு, அது ஜஸ்ட் பேட் லக்கு, ஃபேமிலில யாருக்கும் லேதுன்னு. நிஜமேனா?"

அந்தப் பையனோடு கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்தக் கேள்வி வரும் என்றும் தெரியும். நிஜம்தான் கண்ணு என்று சொல்லியிருக்கலாம். உன் குழாய் மெத்தென்று மேஜையில் உட்கார்ந்திருக்கும். உன் ஈக்களைப் போல அவளும் விழுந்திருக்கமாட்டாள். என்றைக்கோ ஒருநாள் செருப்பு கழன்று தெருவில் கிடக்கும்போது, தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, தானாகத் தெரிந்துகொள்வாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். "இல்லை" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா, உன் அத்தை, நீ. கோணல் அவளிடம் இருக்கப் பாதி வாய்ப்பு, இல்லாமலிருக்கவும் அதே பாதி. இருந்தாலும் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, வராமலும் போகலாம். சோதனை செய்வதும் செய்யாததும் அவள் இஷ்டம். அதற்கு முன்னால் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசுகிற டாக்டர்கள் இருக்கிறார்கள்.

அவள் பைக்குள் கைவிட்டாள். மாத்திரைப் பாட்டில் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தாத்தாக்கு ஆக்சிடென்ட் காதா?"

"இல்லை."

"அம்மாக்குத் தெலுசா?"

"தெரியும். நீ பிறக்கிறதுக்கு முன்னாலிருந்தே."

"ஐ ஹேட் ஹர்" என்றாள்.

இத்தனை நாள் நான் தனியாகச் சுமந்ததை எடுத்துக்கொள்ள ஒரு ஆள் வந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்காகப் பரிந்து பேசினேன்! நீ ஈக்களை எப்படித் தட்டினாய் என்று சொன்னேன். "அப்போ நான் எங்கே?" என்று கேட்டாள். "உன் அம்மா வயித்துலதான் நீ இருந்த" என்றேன். அப்போதுதான் அழுதாள். உன்னைத் திட்டிக்கொண்டே அழுதாள், நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே உன்னைத் திட்டினேன். உனக்கு இதைவிட நல்ல திவசம் யாரும் செய்யமாட்டார்கள்.

கிளம்பும்போது முகம் கழுவிக்கொண்டு வந்தாள். டாடியிடம் தானே சொல்வதாகச் சொன்னாள். அந்தப் பையனிடமும் தானே பேசுவாளாம். "டாக்டர்கிட்ட யூ வில் கம், காதா?" என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். உனக்காகப் போகவில்லை, தெரிந்துகொள். கூட வருவதற்கு ஒருத்தி கேட்டாள், அதனால் போகிறேன்.

கீழே போனவள் ஸ்கூட்டர் சாவியை மறந்துவிட்டாள். நான் படிக்கட்டின் மேலே நின்று சாவியை ஆட்டிக் காட்டினேன். தூக்கிப் போடுங்கள் என்று சொல்லாமல் திரும்ப ஓடி ஏறினாள். படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அவள் கால்களைப் பார்த்தேன். வலது, இடது. இடது பாதம் படியில் முழுக்கப் பதிகிறதா, விரல் இடறுகிறதா, செருப்பு குதிகாலோடு வருகிறதா. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு தரம் சுவரைத் தொட்டாள். ஏன் தொட்டாள்? இப்படித்தான் ஆகிவிட்டேன். சோதனையில் என்ன வந்தாலும், வராவிட்டாலும், அந்தப் பெண் எந்தப் படி ஏறினாலும் இனி நான் இப்படித்தான் பார்ப்பேன். நீ எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து இதுதான், நாசமாய்ப் போனவளே.

மேலே வந்து சாவியை வாங்கியவள் என் முகத்தைப் பார்த்தாள். மூச்சுகூட வாங்கவில்லை.

"கைக்கு ஆன்ட்டி அப்படி சூஸ்துன்னாரு?" என்றாள். ஏன் அப்படிப் பார்க்கிறேன் என்று கேட்ட அந்தக் "கைக்கு"வும் உன்னுடையது, தலையைச் சாய்த்ததும் உன்னைப் போலவே.

காலைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மையை மறைத்தாய் என்றுதானே இத்தனை நேரம் உன்னிடம் கத்தினேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. பாத்து எறங்கு" என்றேன்.